நிமாத்தின் கழுத்தில் மூன்று விரல்

அல் உபய்யித் ஊரில் லாரி நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் மண்சுவர்த் தெருக்களில், ஒரு வீட்டுக்காரன் ஊர் திரும்பியிருக்கிறானா என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. மூக்கே சொல்லிவிடும். சுவர் தாண்டி வேலமரப் புகையும் சந்தனமும் கிராம்பும் வந்தால், உள்ளே மனைவி காத்திருக்கிறாள் என்று அர்த்தம். அந்தப் பக்கம் போகும் ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள். பெண்கள் சிரித்துக்கொண்டு போவார்கள்.

நிமாத்தின் வீட்டிலும் அந்த வாசனை வரும். கூடவே அரிப்பும் வரும்.

அவள் புருஷன் பாபிகிர் கோந்து மூட்டை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போகும் லாரி ஓட்டினான். போனால் வாரக்கணக்கில் ஆளைக் காண முடியாது. வருகிற செய்தியை முன்னால் வரும் லாரிக்காரன் யாராவது வாசலில் சொல்லிவிட்டுப் போவான். நிமாத் உடனே வேலங்கட்டை புகையும் குழிமேல் உட்கார்ந்து உடம்பைப் பக்குவம் செய்துகொள்வாள். வாசனை மாவைத் தேய்த்து உதிர்ப்பாள். கடைசியில் கும்ரா. கிராம்பு, சந்தனத்தூள், கஸ்தூரி, கடையில் புட்டியில் விற்கிற சென்ட் எல்லாம் கலந்து நாள்கணக்கில் மூடி வைத்து ஊறிய கறுத்த தைலம் அது. கல்யாணமானவள்தான் பூசலாம். கன்னிப்பெண் பூசினால் அடி விழும். விதவை பூசினால் பேச்சு விழும்.

நிமாத்துக்கு வேண்டிய கும்ராவை வேறு யாரும் செய்வதில்லை. பாபிகிரின் அக்கா சித்தனாதான் செய்து கொடுப்பாள். கலியாண வீடுகளுக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். பெருத்த உடம்பு, உரத்த குரல். அவள் தெருமுனை திரும்பும்போதே அவள் வாசனை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். தம்பிமேல் அவளுக்கு உயிர். அம்மா இல்லாத அவனைத் தூக்கி வளர்த்தவள்.

பாபிகிர் வந்து ஒரு நாள் கழிந்தால் நிமாத்தின் கழுத்தும் முழங்கை மடிப்பும் சிவக்கும். பிறகு தடிக்கும். பிறகு நீர் கோத்துக்கொண்டு வெடிக்கும். அவன் கிளம்பிப் போன பிறகு மெல்ல ஆறும். திரும்பி வந்தால் திரும்பவும் வரும். இப்படியே இருபது வருஷம் போயிற்று.

"லாரி இன்ஜின் சூடு இன்னும் ஆறல போல," என்று கிணற்றடியில் பெண்கள் சீண்டுவார்கள்.

நிமாத் பதில் சொல்லமாட்டாள். சுபாவமே அப்படி. மேல்துணியை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டு குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். வந்து சுவரோரம் உட்கார்ந்து யோசிப்பாள். அந்த மனுஷன் கைபட்டால் மட்டும் ஏன் இப்படி? அவன் குடிப்பதில்லை. கை ஓங்கியதில்லை. மகள் ரிஹாபுக்கு ஊர் ஊராக மிட்டாய் வாங்கி வருகிறவன். பிறகு ஏன்?

கடைசியாக அவன் வந்தபோது வெயில் காலம். கழுத்து ரணமாகி, துணி ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தது. நிமாத் கயிற்றுக்கட்டிலைத் தூக்கி முற்றத்தில் போட்டாள்.

"நான் இங்க படுத்துக்கறேன்," என்றாள்.

"ஏன், நான் என்ன தேளா?" பாபிகிர் சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

"நீங்க வந்தாத்தான் எனக்கு இப்படி ஆகுது."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. விடிகிற நேரத்தில் அவள் தேநீர் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கும்போதே லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. குடிக்காமல் போய்விட்டான். வழியில் கோஸ்தி ஊருக்குப் பக்கத்தில் ஒரு மேட்டில் லாரி கவிழ்ந்தது. பின்னால் வேறொரு லாரியில் வந்துகொண்டிருந்த கூட்டாளி மெர்கனிதான் உடலைக் கொண்டுவந்து சேர்த்தான்.

துக்க காலம் நாலு மாசத்துக்கு மேல். வெள்ளை முரட்டுத்துணி. மருதாணி கிடையாது, வாசனை கிடையாது, வாசனை சோப்புகூடக் கிடையாது. துணி துவைக்கிற சோப்பும் வெறும் எள்ளெண்ணெயும்தான். நிமாத் பாயில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்களோடு அழுதாள். முதல் மாசம் முடியும் முன்பே அவள் தோல் ஆறிவிட்டது. அடுத்த மாசம் வழுவழுப்பாகியது. குழந்தையின் கழுத்து மாதிரி.

அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. புருஷன் செத்ததும் தோல் குணமாவது என்ன நியாயம்? துக்கம் கேட்க வந்தவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று அந்த வெக்கையிலும் துணியை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். இருபது வருஷம் புண்ணை மறைத்தவள் இப்போது ஆறின தோலை மறைத்தாள்.

துக்கம் முடிந்த நாளில் பெண்கள் கூடி அவளைக் குளிப்பாட்டினார்கள். வெள்ளைத்துணியைக் கழற்றிப்போட்டார்கள். சித்தனா தன் கும்ராவைக் கொண்டுவந்தாள். "இது அவனுக்குப் பிடிச்ச பக்குவம். இன்னைக்கு ஒரு நாள் பூசிக்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க," என்று அழுதுகொண்டே நிமாத்தின் காதுக்குப் பின்னாலிருந்து கழுத்தெலும்பு வரை இழுத்துப் பூசிவிட்டாள்.

மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாள் காலையில் நிமாத் முகம் கழுவக் குனிந்தபோது கழுத்து எரிந்தது. கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள்.

மூன்று கோடுகள். காதுக்குப் பின்னாலிருந்து கீழே, பக்கம் பக்கமாக. யாரோ கழுத்தைத் தடவி விரல்களை எடுத்த மாதிரி.

கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள். யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் ரொட்டி கொண்டுவந்த சித்தனா பார்த்துவிட்டாள். ரொட்டித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, நிமாத்தின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள்.

"இது அவன் கைடி."

"அக்கா, சும்மா இருங்க."

"எனக்கு என் தம்பி கை தெரியாதா? அவன் போகல. உன்ன விட்டுட்டு அவன் போகல." சித்தனா கழுத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். "டேய் பாபிகிர், என்னடா இது? பாவம்டா அவ. கைய எடுடா."

அந்தக் குரலில் கோபம் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து தாமதமாக வரும் பிள்ளையைத் திட்டுகிற குரல் அது.

அதிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் சித்தனா வந்தாள். பாபிகிர் எப்போதும் வெள்ளி தொழுகைக்கு ஊரில் இருக்கப் பார்ப்பவன்; அதனால் வியாழன். "அவனுக்குப் பிடிச்சதக் கொடுத்தா அடங்குவான்," என்று கும்ராவைத் தடவிவிடுவாள். சனிக்கிழமை கோடுகள் வரும். சில தடவை விரல் நுனி வட்டம்கூடத் தெரியும். சித்தனா அடுத்த வாரம் கிராம்பைக் கூட்டிப் போட்டுப் புதுசாகக் கலந்து கொண்டுவருவாள். கோடுகள் இன்னும் ஆழமாக வரும்.

இதற்கிடையில் மெர்கனி ஒரு நாள் வந்தான். வாசலிலேயே நின்றான். மனைவி இறந்து தனியாக இருப்பவன், பேச்சு குறைவு.

"நிமாத், நான் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாதவன். உங்களுக்குச் சம்மதம்னா பெரியவங்ககிட்டச் சொல்றேன். இல்லன்னா இந்தச் சர்க்கரையை வாங்கி வெச்சுக்கங்க, நான் இத கொடுக்கத்தான் வந்தேன்னு இருக்கட்டும்."

நிமாத் சர்க்கரைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். "கொஞ்ச நாள் பொறுங்க," என்றாள். அந்த ஆளை அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் அவளைக் கலங்கடித்தது. மெர்கனி வந்துபோனது சித்தனாவின் காதுக்கும் எட்டியது. அந்த வாரம் கோடுகள் கன்னம் வரை ஏறியிருந்தன.

"பாத்தியா? அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றாள் சித்தனா. "நீ அந்த ஆளக் கட்டினா இவன் உன் முகத்தையே எடுத்துருவான். நான் தடுக்கல. நீயே யோசி."

நிமாத் யோசித்தாள். முற்றத்தில் போட்ட கட்டிலை யோசித்தாள். குடிக்காமல் விட்ட தேநீரை யோசித்தாள். கண்ணாடியின் முன்னால் நின்று மெல்லிய குரலில், "நான் கோவத்துல சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க," என்றாள். கழுத்து எரிந்துகொண்டே இருந்தது. பதில் அதுதான் என்று எடுத்துக்கொண்டாள்.

மருந்துக்கடையில் கேட்டபோது மென்மையான தோலுக்கென்று ஒரு வெள்ளைக் கிரீம் கொடுத்தார்கள். ரோஜா மணம் வீசியது. முகம் வீங்கியது. திரும்பப் போனபோது, "அப்ப இது, வாசனையே இல்லாதது," என்று வேறொன்று. உண்மையிலேயே எந்த வாசனையும் இல்லை. ஆனாலும் அரித்தது. வாசனையில்லாத ஒன்றும் தன்னைத் தீண்டுகிறது என்றால் அது வேறு என்னவாக இருக்க முடியும் என்று நிமாத் அன்று இரவு விளக்கை அணைக்கவே இல்லை.

மகள் ரிஹாப் கார்த்தூமில் குடும்பமாக இருந்தாள். ஊருக்கு வந்தவள் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் துணிமணியை மூட்டை கட்டி, பஸ் ஏற்றித் தோல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். "என்ன பூசறீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பூசறதில்ல," என்றாள் நிமாத்.

விதவை அவள். பக்கத்தில் மகள் உட்கார்ந்திருக்கிறாள். கும்ரா என்கிற சொல்லையே அந்த இடத்தில் எப்படி வாயில் எடுப்பது?

டாக்டர் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். பிறகு ரிஹாபிடம், "கீழ போய் அம்மாவுக்குத் தண்ணி வாங்கிட்டு வாம்மா," என்றாள். கதவு மூடியதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கும்ராவா? வாசனை மாவா? ரெண்டுமா?"

நிமாத் தரையைப் பார்த்தபடி தலையசைத்தாள்.

"நானும் கல்யாணமானவதான். என்கிட்ட என்ன வெக்கம்? வீட்டுக்காரர் இருந்தப்பவும் அவர் வர்ற அன்னைக்குப் பூசுவீங்க. ரெண்டு நாள்ல அரிப்பு வரும். சரியா?"

நிமாத் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இந்த நாற்காலில வாரத்துக்கு ஒருத்தி உக்காந்து ஒண்ணும் பூசறதில்லன்னு சொல்றா."

அவள் முதுகில் சின்னச் சின்னப் பட்டைகளை வரிசையாக ஒட்டினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு மருந்து. ஒவ்வொன்றும் வாசனைப் பொருள்களில் ஒன்று. நனைக்கக் கூடாது, சொறியக் கூடாது. முதுகு என்பதில் நிமாத்துக்கு ஒரு தைரியம் இருந்தது. மூன்று விரல்கள் அங்கே வந்ததே இல்லை. அங்கே எதுவும் வராது, டாக்டர் தோற்றுவிடுவாள் என்று நினைத்தாள். தோற்க வேண்டும் என்று விரும்பினாளா என்பது அவளுக்கே தெரியவில்லை.

பட்டைகளை எடுத்தபோது லேசான சிவப்பு. இரண்டு நாள் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது இரண்டு இடங்களில் சதுரம் சதுரமாகத் தடித்து, ஒன்றில் கொப்புளம். ரிஹாப் தன் போனில் படம் எடுத்துக் காட்டினாள்.

"இது கிராம்பு மணத்துல இருக்கிற சத்து," என்று டாக்டர் விளக்கினாள். "இது பல வாசனை சேர்ந்த கலவை. சென்ட்லயும் கிரீம்லயும் சோப்புலயும் போடறது. உங்க தோலுக்கு ஏதோ ஒரு நாள் இது ஆகாமப் போச்சு. அதுக்கு முன்னாடி எவ்வளவு பூசினாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. ஆனா ஒரு தடவை ஆகலன்னு தோல் முடிவு பண்ணிடுச்சுன்னா, அப்புறம் மறக்காது. சாகற வரைக்கும் மறக்காது."

"வாசனை இல்லாத கிரீமும் அரிச்சுதே."

"கொழுப்பு வாடை தெரியக்கூடாதுன்னு சிலதுல வேற வாசனை ஏதாவது கொஞ்சம் கலப்பாங்க. மூக்குக்குத் தெரியாது, தோலுக்குத் தெரியும். பொட்டலத்துல வாசனைப் பொருள்னு ஒரே வார்த்தையா போட்டிருப்பாங்க. அதுக்குள்ள இருபதும் இருக்கும், அம்பதும் இருக்கும். அந்த வார்த்தை இருந்தா வாங்காதீங்க."

நிமாத் போனிலிருந்த படத்தை இன்னொரு தடவை வாங்கிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப, அவர் இல்லையா?"

"யாரு?"

"யாருமில்ல," என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். ரிஹாபுக்குக் காரணம் புரியவில்லை. நோய் இன்னதென்று தெரிந்துவிட்டதே, அழுவானேன்? நிமாத்தால் அதை மகளிடம் சொல்ல முடியாது. அவனுக்காகப் பூசிக்கொண்ட வாசனைக்காக அவனையே தள்ளி வைத்திருக்கிறாள். அவன் கையில் ஒன்றுமில்லை. அது வெறும் டீசல் படிந்த கை. மன்னிப்புக் கேட்கலாம் என்றால் கண்ணாடிக்கு முன்னால் கேட்டதெல்லாம் ஒரு தைலத்திடம் கேட்டதாகிவிட்டது. பேய் என்று நினைத்தபோதாவது அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஊர் வந்ததும் நேராகச் சித்தனாவைத் தேடிப் போனாள். அவள் ஒரு கலியாண வீட்டில் மணப்பெண்ணுக்குப் பூசிக்கொண்டிருந்தாள். இடது கையில் கிண்ணம். வலது கையின் நடு மூன்று விரலையும் தைலத்தில் தோய்த்து, பெண்ணின் காதுக்குப் பின்னாலிருந்து கழுத்தெலும்பு வரை ஒரே இழுப்பு. நிமாத் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். அந்தப் பெண் கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். அவள் கழுத்தில் மூன்று கறுத்த கோடுகள் மினுமினுத்தன. நாளைக்கு அங்கே எதுவும் வராது. அந்தப் பெண்ணுக்கு அது வெறும் வாசனை.

சித்தனா வெளியே வந்ததும் நிமாத் சொன்னாள்.

"அக்கா, அது உங்க விரல்."

"எது?"

"என் கழுத்துல வந்தது. அவர் கை இல்ல. கும்ராதான் எனக்கு ஆகல. ஆஸ்பத்திரில முதுகுல ஒட்டிப் பாத்துட்டாங்க."

சித்தனாவின் முகம் இருண்டது. "என் கும்ராவுல விஷம்னு சொல்றியா? ஊரே பூசுதுடி."

"ஊருக்கு ஒண்ணுமில்லக்கா. எனக்கு மட்டும்தான்."

"கிராம்பும் சந்தனமும் அல்லா படைச்ச மரத்துல வந்தது. கம்பெனி மருந்தா கலக்கறேன் நான்?"

"தோலுக்கு மரமும் தெரியாது, கம்பெனியும் தெரியாதாம்."

"பட்டணம் போய்ட்டு வந்து நல்லாத்தான் பேசக் கத்துக்கிட்ட." சித்தனா கிண்ணத்தை மூடினாள். "அவன் ஒரு தடவகூட உன்கிட்ட வரலன்னு சொல்ற. அப்படித்தானே?"

சித்தனா திரும்பிப் பார்க்காமல் போனாள். அவள் போன பிறகும் அவள் வாசனை தெருவில் வெகுநேரம் நின்றது. நிமாத் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

மெர்கனிக்கு அவளே ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் இனிமே வாசனை தொட மாட்டேன். உங்களக் கட்டிக்கிட்டாலும் தொட மாட்டேன். நீங்க ஊருக்கு வந்தா வீடு மணக்காது. தெரு சிரிக்கும். பொண்டாட்டி இன்னும் செத்தவனுக்குத் துக்கம் காக்கறான்னு பேசுவாங்க."

மெர்கனி தாடையைச் சொறிந்தான். "லாரிக்காரன் வீட்டுக்கு வர்றது தூங்கறதுக்கு. சிரிக்கிறவங்க சத்தம் போடாம சிரிச்சா போதும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் தலைக்குப் போடற எண்ணெய்?" என்றான்.

"அதுவும் கூடாது."

"சரி. தலையில முடியும் அவ்வளவா இல்ல."

நிமாத் அன்றைக்குத்தான் பல மாசத்துக்குப் பிறகு சிரித்தாள்.

கலியாணம் சத்தமில்லாமல் நடந்தது. புகை போடவில்லை, கும்ரா இல்லை. வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விதவை வாசம் வீசுகிற மணப்பெண் என்று ஒருத்தி சொன்னது நிமாத்தின் காதிலும் விழுந்தது. சித்தனா வரவில்லை.

பகல் தூக்கத்துக்குக் கதவு ஜன்னலெல்லாம் சாத்திய அறையில் மெர்கனி சில சமயம் திடுக்கிட்டு எழுந்து, "இருக்கியா?" என்று கேட்பான். இருட்டில் பக்கத்தில் ஒரு பெண் இருப்பதை வாசனையால் அறிந்து பழகிய மனுஷன். வாசனை இல்லாததால் அவனுக்கு அறையில் யாருமே இல்லாத மாதிரி இருக்கும். "இருக்கேன்," என்பாள் நிமாத். சொல்லும்போது அவளுக்கே லேசான சந்தேகம் வரும். கையை நீட்டி அவன் தோளைத் தொட்டுக்கொள்வாள். மறுநாள் எதுவும் வராது. அதற்கு மறுநாளும் வராது.

மழைக்காலம் முடியப்போகும் ஒரு மத்தியானம். நிமாத் தானியம் புடைத்துக்கொண்டிருந்தாள். மெர்கனி வெளியூர் போயிருந்தான். திடீரென்று பின்னாலிருந்து, "நிமாத்," என்று குரல் கேட்டது. முறம் கையிலிருந்து விழுந்துவிட்டது. சித்தனா வாசலில் நின்றிருந்தாள். தெருமுனை திரும்பும்போதே தெரிகிறவள், இவ்வளவு பக்கத்தில் வந்து நின்றும் தெரியவில்லை.

"சாதா சோப்புல குளிச்சுட்டு வந்தேன்," என்றாள். "துணியும் துவைச்சது. பயப்படாத."

அவள் ஆள் பாதியாகியிருந்தாள். நிமாத் கட்டிலை இழுத்துப் போட்டாள். சித்தனா உட்காரவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள்.

"கழுத்தக் காட்டு."

நிமாத் துணியை விலக்கினாள். சித்தனா இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் பார்த்தாள். அதன் பிறகே கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமில்லக்கா."

"அவள விடுடா, போடான்னு உன் கழுத்தப் பாத்துத் திட்டினேன் இல்ல? திட்டிட்டு வீட்டுக்குப் போய் நல்லா சாப்பிடுவேன்டி. வந்திருக்கானேன்னு இருக்கும். அடுத்த வாரம் எப்ப வரும்னு இருக்கும்." சித்தனா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். "என் கையையே பாத்து நான் பேசிக்கிட்டு இருந்திருக்கேன். இப்ப எங்க போய் அவனத் திட்ட?"

நிமாத் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் எந்த வாசனையும் இல்லை. பிறகு நிமாத் சொன்னாள்.

"இங்கேயே உக்காந்து திட்டுங்கக்கா. நானும் கூடத் திட்டறேன்."

"உன் வீட்டுக்காரன் என்ன சொல்வான்?"

"அவருக்கும் திட்டறதுக்கு நிறைய இருக்கு. லாரி சாமான் இரவல் எடுத்துட்டுப் போனா திருப்பித் தர மாட்டாராம் உங்க தம்பி."

சித்தனா மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக. பிறகு பழைய குரல் வந்தது. வியாழன் வருகிறேன் என்று சொல்லி ஞாயிறு வருவதை, டீசல் கையோடு சோற்றில் கை வைப்பதை, அக்கா கொடுத்த சட்டையைப் போடாமல் பெட்டியில் வைத்ததை. நிமாத் தேநீர் குடிக்காமல் போனதைச் சொன்னாள். "சூடா இருந்துச்சு, ஒரு வாய் குடிச்சுட்டுப் போயிருக்கலாம்," என்றாள். திட்டிக்கொண்டே சித்தனா அடிக்கடி அவள் கழுத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். நிமாத்தும் அவளறியாமல் அங்கே ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

வெயில் இறங்கியதும் சித்தனா எழுந்து போனாள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கும் அடுத்த நாள், முன்பெல்லாம் கோடுகள் வருகிற கணக்கில், அதே சோப்பில் குளித்துவிட்டு வந்து வாசலில் நின்றாள்.

"ஏதாவது?" என்றாள்.

நிமாத் துணியை விலக்கிக் காட்டினாள்.